யாரும் கண்டிராத உச்சியின் உயரம்



உயர்தர இரசாயனவியல் வகுப்பில் ஏவற்சக்தி வரைபைக் கீறினால் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "சேர், இந்த மேட்டு உச்சியை யாராவது கண்டிருக்காங்களா?" நல்ல கேள்வி. பெற்றோரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன். "இதெல்லாம் சோதினைக்கு மட்டும்தான்" என்ற பேச்சு வீடுகளிலும் இருக்கிறதல்லவா?

அந்த உச்சியில் மூலக்கூறு தங்கி நிற்பதில்லை. அதைப் போத்தலில் அடைத்து வைத்துப் பார்க்க முடியாது. தாக்கம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை அளக்கலாம். உச்சியின் வடிவத்தையும் உயரத்தையும் அறிய, கணக்குத்தான் வழி.

1931 இல் பெர்லினில் ஐரிங், பொலன்யி என்ற இருவர் மிக எளிய தாக்கத்தை எடுத்தார்கள். ஓர் ஐதரசன் அணு வந்து, ஐதரசன் மூலக்கூறிலிருந்து ஓர் அணுவைப் பறித்துக்கொள்கிறது. மூன்று அணு, மூன்று இலத்திரன், அவ்வளவுதான். அணுக்களின் தூரங்களை மாற்றி மாற்றிச் சக்தியைக் கணித்து, மலைநாட்டு வரைபடம் போல வரைந்தார்கள். இரண்டு பள்ளத்தாக்கு, நடுவே ஒரு கணவாய். அந்தக் கணவாயின் உயரம் மூலுக்குச் சுமார் 40 கிலோயூல் என்று இன்று நன்றாகத் தெரியும்.

சரி, இதனால் நமக்கென்ன?

நம் தலைக்கு மேலே இதே மாதிரிப் பறிப்பு ஒவ்வொரு நொடியும் நடக்கிறது. வயலிலிருந்தும் மாட்டுப் பட்டியிலிருந்தும் குப்பை மேட்டிலிருந்தும் மெதேன் மேலே போகிறது. காற்றிலுள்ள ஐதரொட்சில் மூலிகம் அதிலிருந்து ஓர் ஐதரசனைப் பறிக்கிறது. மெதேன் அழியத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

குளிரூட்டி வாயுவும் அப்படியே. பழைய ஆர் 12 வாயுவில் ஐதரசனே இல்லை, பறிக்க ஒன்றுமில்லை. அதனால் சுமார் 100 வருடம் வானில் இருந்து, மேலே ஏறி ஓசோன் படையைக் கெடுத்தது. 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். வாகன ஏசிக்கு வந்த ஆர் 134ஏ வாயுவில் இரண்டு ஐதரசன் உண்டு. அதன் ஆயுள் சுமார் 14 வருடம். ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும் வாயு என்பதால், 2016 கிகாலி திருத்தத்தின்படி அதையும் குறைத்து வருகிறார்கள்.

அடுத்த வாயு எத்தனை வருடம் வானில் நிற்கும்? அதைத் தயாரிக்க முன்னரே கணினியில் கணிக்கலாம். ஆனால் கணக்கு நுட்பமாக இருக்க வேண்டும். தடையின் உயரத்தில் 4 கிலோயூல் பிழைத்தால், அறை வெப்பநிலையில் வேகம் 5 மடங்கு மாறும். 14 வருடம் என்ற விடை 3 வருடமாகவோ 70 வருடமாகவோ வந்துவிடும்.

கஷ்டம் எங்கே? பாதி உடைந்த பிணைப்பு, பாதி உருவான பிணைப்பு. அங்கே இலத்திரன்களைச் சரியாகக் கணிப்பது பெரும்பாடு. செலவு குறைந்த பிரபலமான கணிப்பு முறைகள் பல, ஐதரசன் பறிப்பின் தடையைக் குறைத்தே காட்டும். போதாக்குறைக்கு ஐதரசன் மிக இலேசானது. சில வேளை உச்சிக்கு ஏறாமலே மேட்டைத் துளைத்து மறுபக்கம் போய்விடும்! அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. கணிப்பானில் 8.314 ஐ 298 ஆல் பெருக்குங்கள். 4000 ஐ அந்த விடையால் வகுங்கள். வருவதை அடுக்குக்குறிச் சார்பில் போடுங்கள். 5 வரும். பிறகு 4000 க்குப் பதிலாக 8000 போட்டுப் பாருங்கள். 10 வரும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். விடையைக் கீழே எழுதுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.