பற்றுச்சீட்டு இல்லாத கைக்கடிகாரம்

விலையுயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரத்தோடு கடவுச்சீட்டுப் போன்ற ஒரு சிறு அட்டையும் வந்து சேருகிறது. கடிகாரத்தின் தொடரிலக்கம், விற்கப்பட்ட திகதி ஆகியன அதில் பதியப்பட்டிருக்கும். உத்தரவாத அட்டை என்று நாம் எழுதுவோம். வொரண்டி கார்ட் என்று பேசுவோம். றோலெக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டிலிருந்தும் ஒமேகா நிறுவனம் 2018ஆம் ஆண்டிலிருந்தும் தமது கடிகாரங்களுக்கு 5 ஆண்டு உத்தரவாதம் வழங்கி வருகின்றன. உற்பத்திக் குறைபாட்டினால் பழுது ஏற்பட்டால், உலகின் எந்த மூலையிலும் இலவசமாகத் திருத்தித் தருவோம் என்பதே அந்த வாக்குறுதி.

அந்த அட்டையும் பற்றுச்சீட்டும் இல்லாதபோது வாக்குறுதி என்னவாகும் என்பதை 2023ஆம் ஆண்டில் அருகிருந்து பார்க்க நேர்ந்தது.

கடிகாரம் என்னுடையதல்ல. பத்திரிகைச் சம்பளத்தில் அத்தகைய ஒன்றை வாங்குவதாயின் பத்திரிகையையே விற்கவேண்டும். அது என் பால்ய நண்பருடையது. பொறியியலாளராக டுபாயில் பல ஆண்டுகள் உழைத்தவர். தனக்கென்று பெரிதாக எதையும் வாங்காத மனிதர், 2019ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தபோது ஒரு புதிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். 'வாழ்க்கையிலை ஒண்டையாவது நல்லதா வாங்கிப் பாப்பம் எண்டு நினைச்சன்' என்று வெட்கத்தோடு சொன்னார்.

2021இல் கொரோனா அவரைக் கொண்டு போனது. உடல் வரவில்லை. அவர் பணியாற்றிய நிறுவனம் அவரது அறையிலிருந்தவற்றை இரண்டு பயணப் பெட்டிகளில் அடைத்து வெள்ளவத்தைக்கு அனுப்பி வைத்தது. மருத்துவமனை ஒப்படைத்த கடிகாரம் ஓர் உறைக்குள் இருந்தது. கடிகாரத்தின் பேழையும் அட்டையும் பற்றுச்சீட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. அந்நேரத்தில் அவற்றைத் தேடும் மனநிலையும் எவருக்கும் இருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின் மகன் அதைக் கட்டத் தொடங்கினான். நாள் முழுவதும் கையில் இருந்தாலும் விடியற்காலையில் நின்றுவிடும். மின்கலம் இல்லாத, கையசைவினால் தானாக முறுக்கேறும் வகைக் கடிகாரம் அது. முழுமையாக முறுக்கேறினால் கழற்றி வைத்த பின்னரும் இரண்டரை நாட்களுக்கு மேல் ஓடவேண்டும். முறுக்கும் பொறியில் கோளாறு என்பது வெளிப்படை. வாங்கி 5 ஆண்டுகள் ஆகவில்லை என்பதால் நண்பரின் மனைவி என்னையும் அழைத்துக்கொண்டு கொழும்பிலுள்ள சேவை நிலையத்திற்குச் சென்றார்.

குளிரூட்டப்பட்ட அறை. கண்ணாடி மேசை. இளம் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், அட்டையைக் கேட்டார். இல்லை என்றோம். பற்றுச்சீட்டைக் கேட்டார். அதுவும் இல்லை என்று காரணத்தைச் சொன்னோம். அட்டை இல்லையெனில் உத்தரவாதம் இல்லை, கட்டணம் செலுத்தித் திருத்தலாம் என்றார். அவர் சொன்ன தொகை ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர், வெளிநாட்டு உதிரிப்பாகம் எதுவானாலும் இப்படித்தான். அதுவரையில் குறை சொல்ல எதுவுமில்லை. அதன் பின்னர்தான் அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: 'இது உங்கள் கணவருடையதுதான் என்று நாங்கள் எப்படி நம்புவது?'

அவர் பதில் சொல்லவில்லை. கடிகாரத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். வெளியே வந்து வீதியைக் கடந்த பிறகே பேசினார்.

'அண்ணை, அந்த மனிசன் செத்த பிறகு அவரைக் கள்ளனாக்க வேண்டாம். திருத்தமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வாங்கோ போவம்.'

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த இளைஞர் இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டார் என்று தோன்றியது. கடிகாரம் அசலானதா, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் எப்போது விற்றார் என்பது ஒரு கேள்வி. உத்தரவாதத்திற்கு அதுவே போதும். யார் உரிமையாளர் என்பது வேறு கேள்வி. இத்தகைய சர்வதேச உத்தரவாதங்கள் பெரும்பாலும் கடிகாரத்தைச் சார்ந்தவை. அது அன்பளிப்பாகவோ முதுசமாகவோ கைமாறினாலும் காலம் முடியும்வரை தொடர்பவை.

முதற்கேள்விக்கு அட்டை ஒன்றுதானா விடை? நம்மவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அரிசியை விட்டுவிட்டுக் காணி உறுதியைச் சுமந்தவர்கள் பலர். உறுதியையும் இழந்தவர்கள் பின்னர் எங்கே போனார்கள்? நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூலப்பிரதி உரிமையாளருக்கும், ஒரு பிரதி காணிப் பதிவகத்திற்கும், இன்னொன்று நொத்தாரிசின் சொந்தக் கோவைக்கும் போகிறது. கையிலிருந்தது எரிந்தாலும் மற்றைய இரண்டில் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். கடிகாரத்திற்கும் அப்படியே மூன்று பதிவுகள் உண்டு. அட்டை வாங்கியவரிடம், விற்பனைப் பதிவு கடைக்காரரிடம், எந்தத் தொடரிலக்கம் எந்தக் கடைக்குப் போனது என்ற பதிவு உற்பத்தியாளரிடம். நாங்கள் இழந்தது அவற்றில் ஒன்றை மட்டுமே.

மறுநாள் மகனிடம் பேசினேன். கடிகாரத்தின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்த தொடரிலக்கத்தைப் படமெடுத்தோம். சித்திரை விடுமுறைக்கு முன்னர் வாங்கியிருக்கவேண்டும் என்பதால் தேடவேண்டிய காலம் சுருங்கியது. தந்தையின் மின்னஞ்சலைத் திறக்கும் வழி மகனுக்குத் தெரிந்திருந்தது. அதில் மாதந்தோறும் வந்த வங்கிக் கூற்றுகள் அழியாமல் கிடந்தன. 2019 மார்ச் 28: ஒரு கடையின் பெயர், ஒரு பெரிய தொகை.

அந்தக் கடைக்கு எழுதினோம். புலம்பவில்லை. தொடரிலக்கம், திகதி, தொகை, கடனட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், மரணச் சான்றிதழின் பிரதி, இவ்வளவுதான். புதிய அட்டை வழங்க முடியாது என்றார்கள், அதை எதிர்பார்த்தோம். ஆனால் ஒன்பது நாட்களில் பற்றுச்சீட்டின் பிரதியையும், இன்ன தொடரிலக்கமுள்ள கடிகாரத்தை இன்ன திகதியில் இன்னாருக்கு விற்றோம் என்ற முத்திரையிட்ட கடிதத்தையும் அனுப்பினார்கள். அவற்றோடு சுவிற்சர்லாந்திலுள்ள தலைமையகத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினேன். கொழும்பு அலுவலகத்திற்கு விதிவிலக்கு வழங்கும் அதிகாரம் இல்லாதிருக்கலாம். அதைத் தரக்கூடியவர்களிடம் கேட்பதே முறை. இரண்டு வாரங்களில் பதில் வந்தது. பதிவுகள் பொருந்துகின்றன, உத்தரவாதம் 2024 மார்ச் வரை செல்லும், கொழும்புக்கு அறிவித்துவிட்டோம் என்றார்கள்.

அதே மேசை, அதே இளைஞர். இம்முறை எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். ஏழு வாரங்களில் கடிகாரம் திருத்தப்பட்டு வந்தது. தேய்ந்திருந்த தோற்பட்டிக்கு மட்டும் பணம் செலுத்தினோம்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். பட்டி, கண்ணாடி, தேய்மானம், விழுந்து உடைதல் ஆகியவற்றை இத்தகைய உத்தரவாதங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அங்கீகாரம் பெறாத எவராவது ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தால் அத்தோடு கதை முடிந்தது. எனவே முதலில் புறக்கோட்டையில் ஒருவரிடம் காட்டிப் பார்ப்போம் என்று புறப்படாதீர்கள். தொடரிலக்கம் சுரண்டப்பட்ட கடிகாரத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பேசக்கூடிய ஒரே சாட்சியின் நாக்கை அறுத்த பின்னர் விற்கப்படுவது அது.

புலம்பெயர்ந்த உறவுகள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். உற்பத்தியாளரின் உத்தரவாதம் அவர் தாமாகத் தரும் வாக்குறுதி. சட்டம் தரும் உரிமை வேறு. அது பொருளை விற்றவருக்கு எதிரானது. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் அதனை வழங்குகிறது. அங்கே கொள்வனவுக்கு ஆதாரமாகப் பற்றுச்சீட்டுத்தான் வேண்டும் என்றில்லை, வங்கிக் கூற்றும் போதுமானது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்பனையாளரின் சட்டபூர்வப் பொறுப்பு குறைந்தது 2 ஆண்டுகள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கு அந்த வழி அதிகம் உதவாது.

அட்டையையும் பற்றுச்சீட்டையும் தொடரிலக்கத்தையும் இன்றே படமெடுத்து, வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். நாம் இல்லாத காலத்தில் அவற்றைத் தேடப்போகிறவர் அவராகவே இருப்பார்.

டுபாய்க் கடையிலிருந்து வந்த கடிதத்தைத் திருத்த வேலை முடிந்ததும் மகனிடமே வைத்திருக்கச் சொன்னேன். தாயார் கொடுக்கவில்லை. கணவரின் பெயரும் திகதியும் முத்திரையும் உள்ள அந்தத் தாளை பிளாஸ்ரிக் உறையிட்டு, காணி உறுதிகளோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறார்.