அப்பாவின் வேகத்தில் 18 கிலோமீட்டர்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. போன ஞாயிற்றுக்கிழமை நாவலூர்ல இருந்து திருப்போரூர் முருகன் கோயிலுக்கு நடந்தே போனோம், நானும் அப்பாவும். 17-18 கிலோமீட்டர் இருக்கும். அப்பாவுக்கு வயசு 71. பைபாஸ் ஆனதுல இருந்து தெருமுனையைத் தாண்டி நடந்ததில்லை. டாக்டர் சரின்னுட்டார், எனக்குத்தான் பயம்.

காலை 4 மணிக்குக் கிளம்பினோம். 2023 அக்டோபரில் வசூலை நிறுத்திய டோல்கேட்டைப் பத்திப் பேச்சு வந்தப்போ, "நடக்கறவனுக்கு என்னிக்குடா டோல் இருந்துச்சு?"ன்னார்.

ஐடி கம்பெனி வேகம் எனக்கு. படூரில் திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். பகீர்னு ஆயிடுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு அதே நிதானத்தோட வந்து சேர்ந்தார். "என்ன அவசரம்? முருகன் எங்கயும் போயிடமாட்டான்."

அப்புறம் நான் முன்னாடி போகவே இல்லை. கேளம்பாக்கத்தில் டீ, தையூரில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தது. தினம் காரில் பறக்கிற ரோட்டில் இத்தனை புளியமரம் இருக்குன்னே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கோயிலுக்குள் நுழையும்போது மணி பத்தரை. இங்கே மூலவர் பனைமரத்தில் தோன்றியவர். அதனால அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவதோடு சரி. அப்பா சிரிச்சார்: "அவர் உடம்பும் என்னை மாதிரிதான், பக்குவமா பாத்துக்கணும்."

திரும்பும்போது பஸ். என் தோளில் சாய்ஞ்சு தூங்கிட்டார். அடுத்தது மாமல்லபுரமாம். யாராவது கூட வர்றீங்களா? ஒரே கண்டிஷன், மெதுவா நடக்கணும்.