பழைய ஒலிக்குப் புதிய விலை

சென்ற கோடையில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த பங்குமகன் ஒருவர் தம் துணைவியாரோடு வந்தார். அவருக்கு வயது ஐம்பதை எட்டியிருக்கும். நலம் விசாரித்த பின் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மரப்பெட்டிகள் இரண்டு, முகப்பில் சதுரம் சதுரமாக வெட்டிய செம்மஞ்சள் நுரைத்திரை.

"ஜோடிக்கு வரியெல்லாம் சேத்து அஞ்சு லட்சம் பக்கத்துல வரும், சாமி. வாங்கலாமா?" என்று கேட்டார்.

துணைவியார் ஒன்றும் பேசவில்லை. முற்றத்துத் தென்னையைப் பார்த்தபடி நின்றார்.

நிலம் வாங்கலாமா, மகளை வெளியூரில் படிக்க வைக்கலாமா என்று நம்மிடம் ஆலோசனை கேட்பவர் பலர். ஒலிபெருக்கி வாங்கலாமா என்று கேட்டவர் இவர் ஒருவரே. சிரித்துப் பேசி அனுப்பியிருப்போம். ஆனால் அவர் சொன்ன கதை நம் சிரிப்பை நிறுத்திவிட்டது.

அவருடைய தந்தையார் சவுதி அரேபியாவில் எண்ணெய் நிறுவனக் குடியிருப்பு ஒன்றில் சமையற்காரராக இருந்தவர். 1981இல் பணி முடிந்து தாயகம் திரும்பிய அமெரிக்கப் பொறியாளர் ஒருவர், இதே வகை ஒலிபெருக்கிகள் இரண்டையும் அவற்றை இயக்கும் கருவியையும் அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். அவை கப்பலேறி மணவாளக்குறிச்சிக் கடற்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஞாயிறு மாலைகளில் தந்தையார் கதவைத் திறந்து வைத்து ஒலிநாடாவை ஓடவிடுவார். தெருவே திண்ணையில் வந்து அமரும். சில ஆண்டுகளில் நுரைத்திரை உதிரத் தொடங்கியது. காலைதோறும் அம்மா தரையிலிருந்து செம்மஞ்சள் தூளைப் பெருக்கித் தள்ளுவாராம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்த வீட்டுக்குள் புகுந்தது. உயிர்கள் தப்பின, பெட்டிகள் போயின. தந்தையாரும் சில ஆண்டுகளில் மறைந்தார். இப்போது அதே ஒலிபெருக்கி மறுபடியும் செய்யப்படுகிறது என்று மகனுக்குத் தெரியவந்திருக்கிறது.

ஒரு வாரம் தவணை கேட்டோம். விலையை ஆராய நமக்கும் உள்ளூர ஓர் ஆவல் இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

அவர் காட்டியது ஜே.பி.எல். நிறுவனத்தின் எல் 100. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென அந்நிறுவனம் செய்த ஒரு பெட்டியை வீட்டுக்கு ஏற்றபடி அழகுபடுத்தி 1970இல் வெளியிட்டார்கள். வெள்ளைக் காகிதக் கூம்பு உடைய பன்னிரண்டு அங்குல வூஃபரும் வண்ண நுரைத்திரையும் அதன் அடையாளங்கள். அக்காலத்தில் அது மிகப் பரவலாக விற்றது. 2018இல் அதே தோற்றத்தோடு மீண்டும் வெளிவந்தது. ஜோடியின் அமெரிக்க விலை அப்போது 4,000 டாலராக இருந்தது.

விலையைக் கண்டு மலைக்குமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அதன் விலை ஒன்றுக்கு 273 டாலர், ஜோடிக்கு 546. இடைப்பட்ட காலத்து விலைவாசி உயர்வைச் சேர்த்தால், அது 2018இல் ஏறத்தாழ 3,400 டாலருக்குச் சமம். ஆக, மறுபிறவியின் விலை பழைய விலையைவிடச் சற்றே கூடுதல். கொள்ளை என்று சொல்ல இயலாது. அன்றும் அது எளியோர் வாங்கும் பொருளாக இருந்ததில்லை. சமையற்காரர் ஒருவரின் வீட்டுக்கு அது வந்ததே அன்பளிப்பாகத்தான்.

அடுத்து, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். மரம், காகிதம், செம்புக் கம்பி, காந்தம், ஒலியை உயர்சுருதி தாழ்சுருதி எனப் பிரித்து அனுப்பும் ஒரு சிறு மின்சுற்று. மறுபிறவியில் உயர்சுருதியை எழுப்பும் ட்வீட்டரின் குமிழ் டைட்டானியத்தால் ஆனது. இதைப் படித்ததும் நம் கண்கள் தாமாகவே கடற்கரைப் பக்கம் திரும்பின. டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் நம் ஊர்க் கருமணலில் கிடப்பதன்றோ! இன்றைய ஆற்றல்மிக்க காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியமும் இம்மணலின் மோனசைட்டில் உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் இந்த மோனசைட்டைக் கண்டறிந்ததே நம் ஊரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்துதான். கயிறு திரித்தவருக்கும் அதைக் கப்பலேற்றியவருக்கும் அதில் ஒட்டிச் சென்ற மணலின் விலை தெரியாது.

மணலின் விலைக்கும் அது பொருளாகித் திரும்பும்போது கேட்கப்படும் விலைக்கும் உள்ள தொலைவை மணவாளக்குறிச்சி மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொலைவு முழுவதும் சூழ்ச்சியன்று. அதில் உழைப்பு இருக்கிறது, அறிவு இருக்கிறது. இங்கிலாந்தின் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்கென 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு ஒலிபெருக்கியின் வரலாறு இதற்குச் சான்று. அதன் உள்ளுறுப்புகளைச் செய்துவந்த கே.இ.எஃப். நிறுவனம் அவற்றைக் கைவிட்டதும் அந்தப் பெட்டியின் வாழ்வும் முடிந்தது. பின்னர், அவ்வுறுப்புகளை முதன்முதலில் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸின் துணையோடு, ஃபால்கன் நிறுவனத்தார் அவற்றை மீண்டும் உருவாக்கி, பி.பி.சி.யின் உரிமம் பெற்று வெளியிட்டனர். மறைந்துபோன கைவினை ஒன்றை அதே அளவில், அதே இசைவில் மீட்பது புதிதாக ஒன்று செய்வதைவிடக் கடினம். அந்த உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயமே.

ஆகவே மறுபிறவி என்று விற்கப்படுவனவற்றை வகை பிரித்து அறிய வேண்டும். பழைய உடலையே மீட்டுத் தருவன ஒரு வகை. ஃபால்கன் செய்தது அது. பழைய உடைக்குள் புதிய உடலை வைப்பன இன்னொரு வகை. எல் 100 இதில் சேரும். பழைய ஒன்றை நினைவில் கொண்டு முற்றிலும் புதியதாகப் படைக்கப்படுவன மூன்றாம் வகை, எல்.எஸ். 3/5ஏயை மனத்தில் வைத்து கே.இ.எஃப். 2012இல் வெளியிட்ட எல்.எஸ். 50 அத்தகையது. பழம்பெயர் இருந்தால் விலை வானளாவ வேண்டும் என்பதும் இல்லை. 1965இல் தோன்றிய லிண்டன் என்னும் பெயரை வார்ஃப்டேல் நிறுவனம் 2019இல் மீட்டபோது, எல் 100இன் விலையில் பாதிகூடக் கேட்கவில்லை.

ஒலி எப்படி? இங்கே ஒரு வேடிக்கை. எல் 100ஐச் செய்யும் ஜே.பி.எல்., ஹார்மன் குழுமத்தைச் சேர்ந்தது. அந்த ஹார்மனின் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். நிறுவனப் பணியாளர் நாற்பது பேரை அமர்த்தி, ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி ஒருமுறையும் திரைக்குப் பின் மறைத்து ஒருமுறையும் கேட்கச் செய்து மதிப்பெண் இடச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரியவையும் விலையுயர்ந்தவையும் மதிப்பெண்ணை அள்ளின. சிறிய, மலிவான ஒன்று தாழ்ந்தது. திரையிட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. காது கேட்டதாக நினைத்ததில் ஒரு பங்கைக் கண் கேட்டிருக்கிறது! தன் சொந்த வீட்டாரைக் கொண்டே இதை மெய்ப்பித்த குழுமம்தான் இன்று செம்மஞ்சள் நுரைத்திரையைப் புதுப்பித்து விற்கிறது.

அப்படியானால் நினைவுக்காக ஒரு தொகை வசூலிக்கப்படுகிறதா? குருமடத்தில் நாம் படித்த ஒரு பாடம் இங்கே கைகொடுத்தது. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பாகத்தில், 77ஆம் வினாவில், நியாய விலையைப் பற்றி ஆராய்கிறார். பொருளை இழப்பதால் விற்பவருக்குத் தனிப்பட்ட நட்டம் நேருமானால், அதையும் விலையில் சேர்க்கலாம் என்கிறார். ஆனால், விற்பவருக்கு நட்டம் ஏதுமின்றி, வாங்குபவரின் நிலையால் மட்டுமே அப்பொருள் அவருக்குப் பெரும்பயன் தருமானால், அதைக் காட்டி விலையை உயர்த்தலாகாது. அந்தப் பயன் விற்பவருடையதன்று. தனக்கு உரிமையில்லாததை எவரும் விற்க முடியாது. வாங்குபவர் மனமுவந்து கூடுதலாகத் தந்தால் அது அவருடைய பெருந்தன்மை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. மரத்துக்கும் காந்தத்துக்கும் பழைய அச்சுகளை மீட்ட உழைப்புக்கும் வரிக்கும் விலை கேட்பது விற்பவரின் உரிமை. ஞாயிறு மாலை, திறந்த கதவு, திண்ணை, தந்தையார் ஆகியவை விற்பவருடையவை அல்ல. அவை நம் நண்பருடையவை. அவருடைய பொருளையே அவருக்கு யாரும் விற்க இயலாது. எவ்வளவு என்று அளக்கவும் வழி உண்டு. அதே திறனும் அதே உழைப்பும் உடைய, பழம்பெயர் இல்லாத புதிய ஒலிபெருக்கி ஒன்றின் விலையை அருகே வைத்துப் பார்க்கட்டும். மிச்சம் நிற்கும் தொகைதான் நினைவின் பெயரால் கேட்கப்படுவது.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். இவற்றையெல்லாம் சொன்னோம். கூடவே நம் கதையையும் சொன்னோம். குருமடத்தில் நமக்குக் கற்பித்த முதிய பேராசிரியர் ஒருவரின் அறையில், புத்தக அடுக்கின்மேல் இரண்டு சிறு பெட்டிகள் இருந்தன. சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் நாலைந்து பேர் தரையில் அமர்ந்து கேட்போம். மேல்நாட்டு இசை என்றால் என்னவென்று அந்தப் பெட்டிகள்தாம் நமக்குச் சொல்லின. அவை எல்.எஸ். 3/5ஏ என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அதன் மறுபிறவியின் விலையை நாமும் ஓர் இரவு தேடிப் பார்த்தோம்; மறுநாள் காலையிலும் பார்த்தோம். தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு எவ்வளவு என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

அவர் சிரித்தார். துணைவியார் அப்போதுதான் முதன்முறையாகப் பேசினார்.

"மாமா பாட்டுப் போட்டா தெருவே வந்து உக்காரும், சாமி. அப்ப வேற எந்த வீட்டுலயும் பாட்டுப்பெட்டி கிடையாது. இப்ப ஆளுக்கு ஒரு ஃபோன். யாரு வந்து கேப்பா?"

அக்குவினாஸின் நூலில் இதற்கு விடை தேடிப் பயனில்லை.

நாம் ஒன்றுதான் சொன்னோம்: "போய்க் கேளுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அப்பா வைத்திருந்த பாட்டையே போடச் சொல்லுங்கள். அதே விலையில் வேறு ஒன்றையும், பாதி விலையில் இன்னொன்றையும் கேளுங்கள். கண்ணை மூடியபோதும் அதுதான் வேண்டும் என்று காது சொன்னால், வீட்டில் கலந்து பேசி வாங்குங்கள். அதில் பாவமும் இல்லை, பைத்தியமும் இல்லை."

விடுப்பு முடியுமுன் அவர் கொச்சிக்குப் போய் வந்தார். திரும்பும் வழியில் ரயிலிலிருந்து பேசினார். ஒலி மிக நன்றாக இருந்ததாம். அவர் நினைவில் இருந்ததைவிடத் தெளிவாகவே இருந்ததாம். "ஆனா அப்பாவோட பெட்டியில பேஸ் கொஞ்சம் இரைஞ்சு வரும், சாமி. பாட்டுக்கு நடுவுல அடுக்களையில பாத்திரம் உருள்ற சத்தமும் கேக்கும். அது இதுல இல்ல" என்றார். பாதி விலைப் பெட்டியும் அவருக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடியபோது இரண்டும் மாறி மாறிக் குழம்பிவிட்டன என்றும் ஒப்புக்கொண்டார்.

எதையும் வாங்காமலே விமானம் ஏறினார். பணம் வங்கியில் இருக்கிறது. ஆசையும் அப்படியே இருக்கிறது. அடுத்த விடுப்பிலும் கேட்பார் என்று துணைவியார் சொல்கிறார். கேட்கட்டும். அதற்குள் அந்தத் திண்ணையைச் சீர்செய்துவிடப் போவதாகவும், அதற்குச் சிமெண்டு மூட்டை இறங்கிவிட்டதாகவும் சென்ற ஞாயிறு சொன்னார்.