மீன் தொட்டியும் செத்துப்போன சோக்கும்

ரெண்டு வாரமா அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. "டேய், தீனி போடும்போது கை சுர்ருங்குதுடா." நானும் ரெண்டு வாரமா "பிரமைம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். செமஸ்டர் நேரம், காஸ்ட் அக்கவுண்டிங் வேறு கழுத்தை நெரிக்குது. இன்றைக்கு நினைத்தால் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது.

ஆனையூர்ல எங்க வீட்டு முன்னறையில ஒரு மூணடி மீன் தொட்டி இருக்கு. நாலு கோல்ட் ஃபிஷ், கண்ணாடியை நக்கிக்கொண்டே காலம் தள்ளும் ஒரு சக்கர் மீன். தொட்டிக்கு மேலே தகரத்தில் ஒரு மூடி, அதற்குள்ளே ரெண்டடி டியூப்லைட். ரோஸ் கலந்த ஒரு வெளிச்சம் வரும். அப்பா லாரி ஓட்டுறவர், லோடு ஏத்திக்கிட்டுக் கிளம்பினா வாரக்கணக்காகும். ராத்திரி மத்த லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு அம்மா அந்த வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருப்பாங்க. அதனால் ஒருநாள் டியூப் எரியாமல் ரெண்டு முனையும் மட்டும் சிவந்து நின்றபோது, மீனை விட அம்மா முகம்தான் வாடிப்போனது.

எல்லாரும் செய்கிற மாதிரி முதலில் ஸ்டார்ட்டரை மாத்தினேன். எரியலை. பக்கத்து வீட்டு டியூபைக் கடன் வாங்கிப் போட்டேன். அதுவும் எரியலை. அப்ப மிச்சம் சோக்குதானே? கழட்டுவதற்கு முன்னால் ஸ்விட்ச் போட்டபடியே தகர மூடியில் டெஸ்டரை வைத்தேன். மங்கலா எல்லாம் இல்லை மக்களே, ஜம்முனு எரிஞ்சது. அம்மாவோட சுர்ர்ர் பிரமை இல்லை.

பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறந்து பார்த்தால் சோக் முழுக்கத் துரு. வருஷக்கணக்கா தொட்டியிலிருந்து எழும்புற ஈரமும் அதோட சொந்தச் சூடும் சேர்ந்து, உள்ளே சுருள் கம்பியின் காப்பைத் தின்றிருக்கிறது. சோக் தகரத்தில் திருகியிருக்கு, தகரத்தின் விளிம்பு தண்ணியில் நனைகிறது. ரெண்டு முள் பிளக், எர்த்தே கிடையாது. அம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கையை விட்டால் கரெண்ட் போக வழி கிடைச்சாச்சு. மீனுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை? தண்ணி முழுக்க ஏறக்குறைய ஒரே வோல்டேஜ், அது எங்கேயும் தரையைத் தொடலை. மின்கம்பியில் காக்கா உட்கார்ந்திருக்கிற கதைதான்.

இன்னொரு மர்மமும் அன்றைக்குத்தான் விலகியது. சில நாள் சுர்ருங்கும், சில நாள் இருக்காதுன்னு அம்மா சொன்னதால்தான் நான் நம்பலை. ரெண்டு முள் பிளக்கைத் திருப்பியும் செருகலாமே! ஃபேஸ் கம்பி சோக் பக்கம் வந்தால் கசிவு நல்லாத் தெரியும், நியூட்ரல் பக்கம் போனால் குறையும். கூட்டும்போது பிளக்கைக் கழட்டி மாட்டுறது யாரு? அடியேன்தான்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கேட்டேன். "சோக்கெல்லாம் இப்ப யாரு தம்பி கேக்குறா? எல்ஈடி பட்டி போட்டுக்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது நியாயம். ஜப்பானில் மினமாட்டா ஊர்ப்பக்கம் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு, மீன் வழியா மனிதர்களுக்குப் போய் நரம்பைச் சிதைத்தது. 1956-ல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அந்த ஊர் பேரில் 2013-ல் உருவான பாதரச ஒப்பந்தத்தின் கூட்டம் 2023-ல் ஜெனிவாவில் நடந்தபோது, 2027 முடிவுக்குள் டியூப்லைட் உற்பத்தியையே நிறுத்துவதுன்னு முடிவாச்சு. மீனைக் கொன்ற பாதரசம் கொஞ்சமாய் என் மீன்களின் தலைக்கு மேலேயே இருக்கு பாருங்க!

ஆனாலும் நான் சோக்தான் வாங்கினேன். சங்க் காஸ்ட் பார்த்து முடிவெடுக்கக் கூடாதுன்னு பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன், நல்லா இருக்கிற டியூபைத் தூக்கிப்போட மனசில்லாமல், அம்மாவுக்கு அந்த ரோஸ் வெளிச்சமும் வேணுமேன்னு, கடையின் பின்னாடி தூசியில் கிடந்த பழைய ஸ்டாக்கைக் கேட்டு வாங்கி வந்தேன். சோக்கிலும் டியூபிலும் போட்டிருக்கிற வாட் ஒண்ணா இருக்கணும், அதை மட்டும் மறக்காமல் பார்த்தேன்.

வேலை என்னமோ சின்னதுதான். ஸ்டார்ட்டர் சூடாகி மூடி, ஆறித் திறக்கும்போது, சோக் ஒரு உதை கொடுத்து டியூபைப் பற்ற வைக்கும். பற்றின பிறகு கரெண்ட் எகிறாமல் பிடித்து வைப்பதும் அதேதான். அது மூடிக்குள்ளேயே இருக்கணும்னு யாரும் சொல்லலை. அதனால் சுவரில் தொட்டியை விட உயரமா ஒரு பெட்டியில் திருகிட்டேன். வயரைச் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாத் தொங்கவிட்டேன், வழியுற தண்ணி அங்கேயே சொட்டிடும். தகர மூடிக்கு எர்த் கம்பி, மூணு முள் பிளக்.

போட்டதும் எரிந்தது. டெஸ்டரை வைத்தேன், எரியலை. அம்மாவைக் கையை விடச் சொல்ல மட்டும் வாய் வரலை. சந்தேகத்தில் சுவர்ச் சாக்கெட்டைக் கழட்டினேன். மேல் துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை! மூணாவது முள் சும்மா அழகுக்குத்தான் நின்னுக்கிட்டிருக்கு.

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் அண்ணன் வர்றேன்னு சொல்லியிருக்கார். எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடுகிற ஆர்சிசிபி ஒண்ணும் போடச் சொல்லியிருக்கேன். செலவை அப்பாகிட்ட போன்ல சொன்னேன், ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் "போட்டுருடா" என்றார். அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கிட்டு மீனுக்குத் தீனி போடுறது நான்தான்.