தூக்கிவிட ஒரு ஆள்

எங்க பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்கு இப்போ 15 வயசு. நாலஞ்சு வயசுல அவன் கெண்டைக்கால் ரெண்டும் நல்லா திரண்டு இருக்கும். "பயில்வான் ஆவான் பாரு"ன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஆனா கீழ உட்கார்ந்தான்னா, தொடை மேல கையை ஊனி ஊனித்தான் எந்திரிப்பான். 11 வயசுல நடை நின்னு போச்சு. டூஷேன் தசைச்சிதைவுன்னு டாக்டர் சொன்னாரு.

தசையைக் காப்பாத்துற டிஸ்ட்ரோஃபின்ங்கற புரதம் உடம்புல உருவாகாததால வர்றது இது. பெரும்பாலும் ஆம்பளைப் பசங்களுக்குத்தான் வரும். முழுசா குணமாக்க மருந்தில்லைங்க. ஸ்டீராய்டு மாத்திரை, நடை நிக்கறதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

சொந்தத்துல கட்டினதால வந்துச்சுன்னு ஊர்ல ஒரு பேச்சு. இது எக்ஸ் குரோமோசோம்ல வர்ற பழுது. சொந்தத்துல கட்டாத வீட்டுலயும் இதே மாதிரிதான் வரும். இன்னொரு பேச்சு, "தாய் வழியா வந்தது"ன்னு அவங்கம்மாவைக் குத்திக் காட்டறது. மூணுல ஒரு பையனுக்குத் தாய்கிட்ட இருந்து வராம புதுசாவே உண்டாகுதாம். தாய்கிட்ட இருந்தே வந்திருந்தாலும், அந்த அம்மிணி கேட்டா வாங்கிட்டு வந்துச்சு? கூடப் பிறந்த தங்கச்சி ஒருத்தி இருக்கா. குழந்தை பெத்துக்கறதுக்கு முன்னாடி அவ ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கறது நல்லது. அதை நல்ல வார்த்தையில சொன்னாப் போதும்.

பையனால தானா புரண்டு படுக்க முடியாது. ராத்திரி ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும். அவங்கப்பா நைட் ஷிப்டுக்குப் போயிடுவாரு. அம்மிணி ஒருத்திதான். இடுப்பு வலியோட தூக்கறா. பொறந்த வீட்டுல ஒரு ராத்திரி தங்கி நாலு வருசம் ஆச்சு. "அக்கா, ஒரு நாள் விடியற வரைக்கும் தூங்கினா போதும்"னு என் சம்சாரத்துகிட்ட அழுதிருக்கா.

அதுக்கப்புறம் சனிக்கிழமை ராத்திரி நானும் என் மகனும் மாறி மாறி அங்க போய்ப் படுத்துக்கறோம். எப்படித் தூக்கணும், எப்படித் திருப்பணும்னு அந்த அம்மிணிதான் சொல்லிக் குடுத்துச்சு. வாசப்படிக்குப் பலகை போட்டுச் சரிவாக்கினோம். தமிழ்நாடு அரசு மாசா மாசம் பராமரிப்பு உதவித்தொகை குடுக்குது. அதுக்கும் அலைஞ்சு வாங்கியாச்சு.

சேலத்துல வானவன் மாதேவி, இயலிசை வல்லபின்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர். தசைச்சிதைவோடவே ஆதவ் அறக்கட்டளை ஆரம்பிச்சு இந்த மாதிரி பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டவங்க. அவங்களாலயே அது முடிஞ்சிருக்கு. கை கால் நல்லா இருக்கற நமக்கு ஒரு ராத்திரி பெரிசில்லைங்க.

டவுன்ல உங்க தெருவுலயும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். "என்ன மருந்து குடுக்கறீங்க"ன்னு கேக்கறதை விட, "நான் என்னைக்கு வரட்டும்"னு கேளுங்க.

இந்த வாரம் கடலைக்காய் பிடுங்கற வேலை இருக்கு. அதனால சனிக்கிழமையை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தியிருக்கோம்.