ஆட்டின் ஏழு

பன்னண்டாயிரத்து நானூறு ரூபாய். தொகையை முதல்லயே சொல்லிடறேன். கடைசி வரைக்கும் இழுத்து வெச்சுச் சொல்ற அளவுக்கு அது பெரிய ரகசியம் இல்ல. வீட்டுக்காரிக்கும் தெரியும். ராயபுரத்துல ஒரே ராத்திரியில, ஒரு சாமியானாவுக்குக் கீழ உக்காந்து, சீட்டுல விட்ட காசு அது.

2025 மே மாசம், கத்திரி வெயில் நேரம். நவரை நெல்லு அறுத்து முடிச்சிருந்தோம். கடைசித் தண்ணி பாய்ச்சும்போதே போர் மோட்டாரு விட்டு விட்டு இழுத்துச்சு. ஒரு நாள் தண்ணி இல்லாம வெறுமனே ஓடி காயில் எரிஞ்சு போச்சு. புது மோட்டாரா வாங்கிடலாம், பாரிமுனைப் பக்கம் போனா ரெண்டாயிரம் மூவாயிரம் கம்மியாக் கிடைக்கும்னு 22,000 ரூபாய் எடுத்து வெச்சிருந்தேன். கிளம்பலாம்னு இருந்த அன்னைக்குக் காலையிலதான் போன் வந்துச்சு. ராயபுரத்து மாமா தவறிட்டாரு.

மாமான்னா எங்க அம்மாவோட சொந்தத் தம்பி. வாலாஜா பக்கத்துல எங்க ஊரை விட்டு இருபது வயசுல மெட்ராசுக்கு ரயிலேறினவரு. துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு, அப்புறம் அங்கேயே நிரந்தரம் ஆச்சு. தென்னிந்தியாவுல முதல் ரயில் 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடுச்சு. "உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும்தான்டா முதல் தண்டவாளம் போட்டான் வெள்ளைக்காரன்"னு மாமா பெருமையாச் சொல்வாரு. 'எங்க ஊர்'னு அவரு சொன்னது ராயபுரத்தை. அந்த அளவுக்கு அங்க வேர் விட்டுட்டாரு.

துக்கத்துக்கும் போயிடலாம், மறுநாள் அப்படியே மோட்டாரும் வாங்கிடலாம். ஒரே சார்ஜுல ரெண்டு வேலைன்னு நான் போட்ட கணக்கு அது. சட்டை உள் பாக்கெட்டுல பணத்தை வெச்சு ஊக்கு குத்திக்கிட்டுப் போனேன்.

மாமாவோட பெரிய பையன் மஸ்கட்டுலேர்ந்து வரணும். மறுநாள் மத்தியானம்தான் எடுப்பாங்க. ஃப்ரீசர் பெட்டியில மாமா படுத்திருந்தாரு. சந்தை அடைச்சு சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி. மீன்பிடித் தடைக்காலம் வேற. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டு ஆம்பளைங்க பாதிப் பேர் கரையில சும்மா இருக்கற நேரம். சாமியானா நிறைய ஆளு. ஒரு பக்கம் கானா, ஒரு பக்கம் சீட்டு. வடசென்னையில சாவு வீட்டுல பொணத்தைத் தனியா விட மாட்டாங்க. ராத்திரி முழுக்க யாராவது முழிச்சிருக்கணும், முழிச்சிருக்கறதுக்கு ஒரு வேலை வேணும். ஜெயிக்கிறவன் ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் ஒரு டப்பாவுல போடணும். அது டீச் செலவுக்கும் மேளத்துக்கும்.

மாமாவோட சின்னப் பையன், என் மச்சான், "ஒரு கை கொறையுது மச்சான், வந்து குந்து"ன்னான். ஊர்ல பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் ஆடற பழக்கம் எனக்கு உண்டு. உக்காந்தேன்.

சீட்டு தெரியாதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்றேன். ரம்மியில ஆளுக்குப் பதிமூணு சீட்டு. ரெண்டு கட்டும் ரெண்டு ஜோக்கரும் சேர்த்து மொத்தம் 106. அதுல ஜோக்கர் சேராம மூணு சீட்டு வரிசையா, ஒரே இனத்துல அமையணும். அதுதான் ஒரிஜினல். அது இல்லன்னா மத்தது எல்லாம் சேர்ந்திருந்தாலும் செல்லாது, கையில இருக்கற அத்தனையும் பாயிண்டாக் கணக்காகும். அதிகபட்சம் 80. சீட்டைப் பார்த்ததும் பிடிக்கலன்னா எடுக்காமலே கவுத்துடலாம். அதுக்குப் பேரு ஸ்கூட்டு. 20 பாயிண்டோட போகும். ஆடிட்டு நடுவுல கவுத்தா 40.

மொதல்ல பாயிண்டுக்கு ரெண்டு ரூபாய். ஃபுல்லு வாங்கினாலும் 160 தான். பன்னண்டு மணிக்குள்ள 900 ரூபாய் போச்சு. அது என் கைச் செலவுப் பணம். அத்தோட எழுந்திருக்கலாம். ஆனா விட்டது 900 தானேன்னு ஒரு எண்ணம். எப்படியும் வந்துடும்.

யாரோ அஞ்சு ரூபாய் ஆட்டம்னாங்க. நான்தான் மொதல்ல தலையாட்டினேன். அஞ்சு ரூபாய்னா சீக்கிரம் எடுத்துடலாம் பாருங்க! உள் பாக்கெட்டு ஊக்கு அப்பத்தான் கழண்டுச்சு. ரெண்டரை மணிக்கு மொத்தம் 5,200 போயிருந்துச்சு.

எனக்கு எதிர்ல ஒரு பெரியவர். முன்னாடி விசைப்படகு வெச்சிருந்தவரு. பேச்சே கிடையாது. சீட்டை விரிப்பாரு, ஒரு பார்வை, கவுத்துடுவாரு. பத்துல ஆறு ஆட்டம் ஸ்கூட்டுதான். இவரு எதுக்கு உக்காந்திருக்காருன்னு நான் நினைச்சேன். ஆனா அவரு முன்னாடி இருந்த நோட்டு மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே இருந்துச்சு.

பக்கத்துல ஒரு பையன், கன்டெய்னர் யார்டுல வேலை. "இதெல்லாம் இன்னாண்ணே, போன்ல ஆடுனா பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்"ன்னான். போன்ல அவன் விட்டது ஒரு பழைய பைக் விலையாம். ஆன்லைன் சூதாட்டத்தை நிறுத்த 2022-ல தமிழ்நாட்டு சட்டசபை சட்டம் போட்டுச்சு. கவர்னர் திருப்பி அனுப்ப, 2023-ல மறுபடி நிறைவேத்தி ஒப்புதல் வாங்குச்சு. அதே வருசம் நவம்பர்ல, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், இந்தச் சட்டம் அதுக்குப் பொருந்தாதுன்னு ஹைகோர்ட்டு சொல்லிடுச்சு. நான் சீட்டு ஆடின மே மாசத்துக்கு அப்புறம், 2025 ஆகஸ்ட்டுலதான் காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் சேர்த்துத் தடை பண்ணி பார்லிமெண்டுல சட்டம் வந்துச்சு. ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டு 1967-லயே சொன்னதுதான். எனக்கு அதுல சந்தேகம் இல்ல. திறமை இருந்துச்சு. பெரியவர்கிட்ட இருந்துச்சு.

ரெண்டரைக்கு மேல பத்து ரூபாய் ஆட்டம். இப்ப ஃபுல்லு வாங்கினா 800.

அந்த ஒரு கையை இன்னும் என்னால மறக்க முடியல. நாலு மணி இருக்கும். சீட்டை எடுத்தா ஜோக்கர் மட்டும் மூணு! செட்டெல்லாம் தானா நிக்குது. ரெண்டாவது ரம்மியை ஜோக்கர் வெச்சு ஒப்பேத்திடலாம். ஒரிஜினலுக்கு மட்டும் ஆட்டின் ஆறும் எட்டும் இருக்கு, நடுவுல ஏழு வேணும். ஏழு வந்தா டிக். ராத்திரி பூரா இந்த மாதிரி ஒரு கைக்குத்தானே காத்திருந்தேன்!

ஒரு சுத்து. வரல. ரெண்டு, மூணு, நாலு சுத்து. ஒவ்வொரு தடவையும் சீட்டை எடுத்து, மூலையை மட்டும் கட்டைவிரலால விலக்கி, சிகப்பு தெரியுதான்னு பார்க்கறேன். சிகப்பு தெரிஞ்சா நெஞ்சு ஒரு தட்டு தட்டும். டைமண்டா இருக்கும். நடுவுல கவுத்திருந்தா 40 பாயிண்டோட போயிருக்கும். மூணு ஜோக்கரை வெச்சுக்கிட்டு எவன் கவுப்பான்? ஏழாவது சுத்துல பெரியவர் சத்தமில்லாம ஒரு சீட்டைக் கவுத்து டிக் அடிச்சாரு. எனக்கு 76 பாயிண்ட். 760 ரூபாய்.

அவரு சீட்டை விரிச்சாரு. ஏழு செட்டு. நடுவுல ஆட்டின் ஏழு. நான் பக்கத்துப் பையன் சீட்டைப் புரட்டினேன். இன்னொரு ஆட்டின் ஏழு அவன்கிட்ட.

ரெண்டு கட்டுலயும் சேர்த்து இருக்கறதே ரெண்டு ஏழு. ரெண்டும் அவங்க கையில. ஏழு சுத்தா நான் எடுத்து எடுத்துப் பார்த்த கட்டுல அந்தச் சீட்டே இல்ல.

"கட்டுல இல்லாத சீட்டுக்கு குந்திகினு இருந்தியாப்பா"ன்னாரு பெரியவர். அந்த ராத்திரி அவரு எங்கிட்டப் பேசின முதல் பேச்சு. "கையில ஒண்ணும் இல்லனா இருவது குட்த்துட்டு கவுத்துடணும். நல்லா கீற மாரி இருந்தா இன்னும் ஜாக்கிரதையா கவுத்துடணும்."

நான் கடுப்புல, "கடல்லயும் இப்படித்தான் திரும்பி வந்துடுவீங்களா?"ன்னு கேட்டேன்.

அவரு சிரிச்சாரு. "சீட்டுல கத்துகினேன், கடல்ல கத்துக்கல. மீனு இல்லனு தெரிஞ்சும் இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்னு டீசலைப் போட்டு ஓட்டுனேன். படகு போச்சு. அப்பால இன்னா, இப்ப சீட்டு ஆடறேன்."

அதுக்கப்புறமும் நான் எழுந்திருக்கல. அதையும் சொல்லணும். அஞ்சு மணி வரைக்கும் ஆடினேன். புத்தி சொல்றவன் எதிர்லயே இருக்கான், புத்தியும் ஏறுது, கை மட்டும் அடுத்த சீட்டை எடுக்குது. அத்தை டீ எடுத்துக்கிட்டு வெளிய வந்தாங்க. அழுது அழுது கண்ணு வீங்கியிருந்துச்சு. என் முன்னாடி கிடந்த சீட்டையும் கழண்டு கிடந்த ஊக்கையும் பார்த்தாங்க. மாமா வேலை பார்த்த காலத்துல சம்பளத் தேதியில அத்தை துறைமுக கேட்டுக்கிட்ட போய் நிப்பாங்களாம். சம்பளம் வீட்டுக்கு வர்ற வழியில ரெண்டு சீட்டுக் கச்சேரி இருந்துச்சாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "டீ ஆறிடும், குடி"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. சீட்டைக் கீழ வெச்சேன்.

மிச்சத்தை எண்ணினேன். 10,500.

மறுநாள் மூலக்கொத்தளம் சுடுகாட்டுல மாமாவை அனுப்பிட்டு, பாரிமுனைப் பக்கமே போகாம ரயிலேறிட்டேன். வழியெல்லாம் மனசு ஆட்டின் ஏழையே சுத்திச்சு. அரக்கோணம் தாண்டினப்பதான் எங்க போரு ஞாபகம் வந்துச்சு.

2009-ல போட்டப்ப 180 அடி. தண்ணி பொங்கிச்சு. 2014-ல 320 அடிக்கு இறக்கினோம். 2017 வறட்சியில 450. இப்ப போர்க்காரன், "இன்னும் இருநூறு அடி போட்டுப் பாக்கலாம்ணே, கண்டிப்பா ஊத்து கீது"ன்றான். புது மோட்டாரு வாங்கறதே அந்த ஆழத்துக்கு இறக்கத்தான். ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய், பத்து ரூபாய். ஒவ்வொரு தடவையும் முன்னாடி விட்டதை எடுக்கத்தான் அடுத்த ஆழத்துக்குப் போயிருக்கேன். பாலாறு வருசத்துல பாதி நாளு வெறும் மணலு. சுத்துப்பட்டுல எல்லாரும் போர் போட்டு, இலவசக் கரண்டுல உறிஞ்சி, அவங்கவங்க கையில ஒரு ஏழை வெச்சிருக்காங்க. கட்டுல இருக்கா இல்லையான்னு தெரியாமலே நானும் மூலையை விலக்கிப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

விவசாயமே சூதாட்டம்தான்னு நாங்க டீக்கடையில சொல்லிச் சிரிப்போம். மழையும் விலையும் நம்ம கையில இல்லைங்கற அர்த்தத்துல. ஆனா எப்ப கவுக்கறதுங்கறது நம்ம கையிலதான் இருந்துச்சு. அதை ஒரு நாளும் பேசினதில்ல.

வீட்டுக்குப் போனதும், "மோட்டாரு எங்க?"ன்னா வீட்டுக்காரி. சொன்னேன். அடுப்புல இருந்த குழம்பை இறக்கி வெச்சிட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "மாமா முகத்தையாவது ஒழுங்காப் பார்த்தியா?"ன்னு கேட்டா. காசைப் பத்தித் திட்டியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

எரிஞ்ச மோட்டாரை ராணிப்பேட்டையில குடுத்துக் காயில் கட்டினேன். அதே 450 அடியில இறக்கினேன். ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம் ஓடுது, அப்புறம் காத்து. நெல்லை அரை ஏக்கரோட நிறுத்திட்டேன். மிச்சத்துல கேவுரும் மல்லாட்டையும். இருவது பாயிண்டோட கவுத்துட்டேன்னு வெச்சுக்கங்களேன்.

இதுவரைக்கும் கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்து நிலத்துக்காரரு நகையை அடமானம் வெச்சு 640 அடி போட்டாரு. ரெண்டு இஞ்சு தண்ணி! இப்ப ரெண்டு ஏக்கரும் அவருக்குப் பச்சைப் பசேல்னு நெல்லு.

அவருக்கு ஏழு வந்துடுச்சு. நான் தினமும் காலையில வரப்புல நின்னு அதைப் பார்க்கறேன். வயித்தெரிச்சல் இல்லன்னு சொன்னா அது பொய்.