மணிக்கட்டில் மணக்கும் அரப் ஸ்திரீட்

புகிஸ் ரயில் நிலையத்திலிருந்து அரப் ஸ்திரீட்டுக்கு நடக்கும் தூரம்தான். துணிக்கடைகளில் பட்டும் பாத்திக்கும் சுருள் சுருளாக நிற்கின்றன. பக்கத்தில் கூடைக்கடை, கம்பளக்கடை, வண்ணக் கண்ணாடி விளக்குக்கடை. எல்லாரும் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கம்போங் கிளாமுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் மூக்குக்கும் வேலை கொடுக்கவேண்டும். சிங்கப்பூரில் வாசனைத் திரவியம் வாங்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வட்டாரத்தின் பெயரே ஒரு வாசனை மரத்தின் பெயர்தான். முன்பு இங்கே வளர்ந்த கெலாம் மரத்தின் இலையிலிருந்து வடிக்கிற எண்ணெயைத்தான் மலாய்க்காரர்கள் ‘மின்யாக் காயு பூத்தே’ என்கிறார்கள். குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டிகள் தடவுகிற அதே எண்ணெய். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் இந்தப் பகுதி மலாய்க்காரர்களுக்கும் அரபு வணிகர்களுக்கும் புகிஸ் மக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. பிறகு சுற்று வட்டாரத் தீவுகளிலிருந்து ஹஜ் யாத்திரை போகிறவர்கள் கப்பலுக்காகக் காத்திருக்கும் இடமாகவும் ஆனது. யாத்திரிகர்கள் இருக்கும் இடத்தில் தொழுகைப் பாயும் பேரீச்சையும் அத்தரும் விற்பது இயல்புதானே. 1933இல் தொடங்கிய ஜமால் கஸுரா அரோமெட்டிக்ஸ் இன்றும் இங்கே வியாபாரம் செய்கிறது.

பெரிய கடைத்தொகுதிகளின் தரைத்தளத்தில் இருக்கும் வாசனைப் பிரிவுக்கும் இந்தக் கடைகளுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தவை. போத்தலை அழுத்தியதும் தூவானமாக வரும். முதல் ஐந்து நிமிடம் அமர்க்களமாக மணக்கும். இங்கே விற்பது ஆல்கஹால் கலக்காத எண்ணெய். ஒரு சொட்டுப் போதும். தோலோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் மெல்ல மணக்கும். போத்தல்களும் மூன்று, ஆறு, பன்னிரண்டு மில்லிலிட்டர் என்று சின்னச் சின்ன அளவில் இருக்கும். பழைய கணக்கில் கேட்பவர்கள் ஒரு தோலா என்பார்கள். அது ஏறக்குறைய பன்னிரண்டு மில்லிலிட்டர். புதிதாக வாங்குகிறவர்களுக்கு மூன்று மில்லிலிட்டரே நல்லது. பிடிக்காவிட்டாலும் பெரிய நட்டம் இல்லை.

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஊது. இளையர்களிடையே இப்போது அதற்குத்தான் மவுசு. அரபுநாட்டுச் சரக்கு என்று நினைத்து முகர்கிறோம். உண்மையில் அது நம் பக்கத்து வீட்டுப் பொருள். ஊது என்பது நம்முடைய அகில். மலாயில் காஹாரு. அந்த மரத்தின் ஒரு வகைக்குத் தாவரவியலில் மலாக்காவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நல்ல மரத்துக்கு அந்த வாசனை கிடையாது. மரம் காயப்பட்டு, காயத்தில் பூஞ்சை புகுந்து, அதை எதிர்க்க மரம் சுரக்கும் கரிய பிசின்தான் மணக்கிறது. கண்டபடி வெட்டியதால் காட்டு மரங்கள் அருகிப்போய், மலாக்கா வகையின் அனைத்துலக வணிகம் 1995 முதல் கட்டுப்பாட்டின்கீழ் இருக்கிறது. அசல் ஊது எண்ணெயின் விலை தலைசுற்ற வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவாகக் கிடைத்தால் அது கலவை என்று புரிந்துகொள்ளுங்கள். கலவை கெட்டது என்று அர்த்தமில்லை. அசல் விலையை அதற்குக் கொடுக்கவேண்டாம் என்பதுதான் விஷயம். கிழக்கிலிருந்து மரக்கலத்தில் வந்த அகிலைச் சிலப்பதிகாரமே பேசுகிறது. குளித்த கூந்தலை அகில் புகையில் உலர்த்திய பெண்களின் வழிவந்த நாம் அதைப் புது நாகரிகம் என்று வாங்குவது வேடிக்கைதான்.

அடுத்து மல்லிகை. மல்லிகை எண்ணெயைச் சில பூக்களைப்போல ஆவியில் வைத்து வடிக்க முடியாது. சூடு பட்டால் அதன் வாசம் கெட்டுப்போகும். அதனால் கரைப்பான்களில் ஊறவைத்து, முதலில் மெழுகுபோல எடுத்து, பிறகு அதிலிருந்து சாற்றைப் பிரிக்கிறார்கள். சில சொட்டுகளுக்கு மலை மலையாகப் பூ வேண்டும். தமிழ்நாட்டில் பறிக்கும் மல்லிகை, மதுரையிலும் தேக்காவிலும் சரமாவதோடு நிற்பதில்லை. உலகத்தின் பெரிய வாசனை நிறுவனங்களின் போத்தல்களுக்குள்ளும் போகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மல்லிகை அத்தரைப் பற்றிச் சொல்லும்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை தேக்காவுக்குப் போனால் பஃப்ளோ ரோட்டில் இரண்டு முழம் பூ வாங்கி, ஒன்றை அங்கேயே தலையில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அப்பா தவறிய பிறகு அது நின்றுவிட்டது. வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை. “சாமி படத்துக்கு மட்டும் கொடுங்க” என்று பூக்காரரிடம் கேட்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். “உனக்கு இதெல்லாம் புரியாது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன ஆண்டு அவரை அரப் ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போனேன். எனக்கு ஏதாவது வாங்கலாம் என்றுதான் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடிக் குச்சியில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ரோஜா, சந்தனம், கஸ்தூரி எல்லாவற்றுக்கும் அம்மா தலையை மட்டும் ஆட்டினார். மல்லிகை வந்ததும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார். கடைக்காரர் மணிக்கட்டில் தொட்டு வைத்தார். நான் பார்ப்பதை அம்மா பார்த்துவிட்டார்.

“என்னடி பாக்குற? தலையில வைக்கக்கூடாதுன்னுதானே சொன்னாங்க. கையில வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே.”

மூன்று மில்லிலிட்டர் வாங்கினார். காசை அவரே கொடுத்தார். தலையில் பூ வைக்கக்கூடாது என்ற வழக்கத்தோடு எனக்குள்ள சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் அவருக்கு ஏற்ற வழியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். வாசனை அடுத்தவருக்காகப் பூசுவது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

இனி, தேர்ந்தெடுக்கும் விதம். வாசனைத் திரவியம் மூன்று கட்டமாகப் பேசும். முதலில் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மெல்லிய வாசங்கள். அவை கால் மணி நேரத்தில் பறந்துவிடும். பிறகு பூக்கள் எழும். கடைசியில் சந்தனம், அகில், வனிலா, கஸ்தூரி போன்றவை தங்கும். நாள் முழுக்க நீங்கள் வாழப்போவது அந்தக் கடைசி வாசத்தோடுதான். எனவே முதல் முகர்விலேயே அட்டையை நீட்டிப் பணம் கட்டாதீர்கள். காகிதத் துண்டில் ஐந்தாறு முகருங்கள். அவற்றில் பிடித்த இரண்டை மட்டும் ஆளுக்கொரு கையில் பூசிக்கொள்ளுங்கள். மணிக்கட்டுகளை உரசவேண்டாம். உரசினால் சூடேறி, மெல்லிய வாசங்கள் சீக்கிரம் போய்விடும். தோல் எளிதில் அரிக்கும் என்றால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

பிறகு அரைமணி நேரம் வெளியே நடங்கள். அதற்கும் இங்கே குறையில்லை. ஹாஜி லேனின் சுவரோவியங்களைப் பார்க்கலாம். ஒரு தே தாரிக் குடிக்கலாம். சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்துக்கு அடியில் கரிய பட்டை ஒன்று தெரியும். அவை கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். 1932இல் கட்டி முடித்த இந்தப் பள்ளிவாசலுக்குப் பணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் தங்கள் பங்காகக் கொடுத்த போத்தல்கள் அவை. அதை அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் உங்கள் கையிலிருக்கும் வாசம் நிலைக்கு வந்திருக்கும்.

கடைத்தொகுதியில் வாங்குகிறவர்கள் போத்தலின்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘ஓ டி கொலோன்’ என்றால் வாசனை எண்ணெய் சுமார் 2 முதல் 4 விழுக்காடு. ‘ஓ டி டாய்லெட்’ 5 முதல் 15. ‘ஓ டி பர்ஃபம்’ 15 முதல் 20. வெறும் ‘பர்ஃபம்’ அதற்கும் மேல். விழுக்காடு கூடினால் விலையும் கூடும், வாசமும் நீடிக்கும். ஆனால் நம் வெயிலிலும் புழுக்கத்திலும் கனமான வாசம் இன்னும் கனத்துத் தெரியும். பகல் வேலைக்கு இலேசானதும், இரவு விருந்துக்கு அடர்த்தியானதும் சரிப்படும். வீட்டில் குளியலறை அலமாரியிலோ வெயில் படும் சன்னலருகிலோ வைக்காதீர்கள். ஈரமும் வெளிச்சமும் சூடும் வாசனையைக் கெடுக்கும். துணி அலமாரியே போதும்.

அளவும் முக்கியம். வானொலிக் கூடம் சன்னல் இல்லாத குளிர்சாதன அறை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் ஆறு முறை அடித்துக்கொண்டு வந்தால் நேரலையில் தும்மலை அடக்குவதே பெரும்பாடு. காலை நேர எம்ஆர்டியிலும் மின்தூக்கியிலும் இதே கதைதான். கையெட்டும் தூரத்துக்குள் வருகிறவருக்கு மட்டும் தெரிந்தால் அதுதான் சரியான அளவு. நம் மூக்கு நம் வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும். நமக்குத் தெரியவில்லை என்பதற்காக மறுபடி பூசவேண்டாம்.

அன்றைக்கே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. இரண்டு கையிலும் இரண்டு வாசத்தோடு வீடு திரும்புங்கள். மறுநாள் காலை கழற்றிப்போட்ட சட்டையின் கைப்பகுதியை முகர்ந்து பாருங்கள். எது இன்னும் பிடித்திருக்கிறதோ, அதை வாங்க இன்னொரு முறை அரப் ஸ்திரீட்டுக்குப் போகலாம்.